பன்னிரண்டு பேர், ஒரே மெட்டு

வினோலியாவின் முனைவர் பட்டம் இரண்டு பாதியாக இருந்தது. முதல் பாதிக்குப் பாடல்களைப் பதிவு செய்து, கலந்து, ஒரு தொகுப்பாகத் தர வேண்டும். இரண்டாவதற்கு, அந்த வேலைக்கும் தன் விசுவாசத்துக்கும் என்ன உறவு என்று முப்பது பக்கம் எழுத வேண்டும். கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் கடல் தாண்டி இருந்தது. படிப்பு நெய்வேலி குவார்ட்டர்ஸின் பின்னறையில் நடந்தது.

இசைப் பாதியில் அவளுக்குப் பயமில்லை. முப்பது பக்கம்தான் இரண்டு முறை திரும்பி வந்தது. மூன்றாவது முறையும் திரும்பினால் நான்கு வருடப் படிப்புக்கு அத்தோடு முழுக்கு.

“பைபிள் வசனங்கள் எல்லாம் சரி,” என்றார் வழிகாட்டிப் பேராசிரியர், ஸ்கைப்பில். “இதில் நீங்கள் எங்கே?”

வினோலியா திரையின் மூலையில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தாள்.

பங்குக் கோயில் பாடற்குழுவில் பன்னிரண்டு பேர். சிலர் நிலக்கரி மைன்ஸில், சிலர் அனல்மின் நிலையத்தில், ஒருத்தி ஆஸ்பத்திரியில். எல்லாருக்கும் ஷிப்ட். பன்னிரண்டு பேரும் ஒன்றாக நின்று பாடியதை ஈஸ்டர் திருநாள்கூடக் கண்டதில்லை. ஒவ்வொருவராகப் பதிவு செய்து கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்ளலாம் என்று வினோலியா முடிவு செய்தாள். பின்னறைச் சுவர்களில் மெத்தையும் கம்பளியும் தொங்கின. நடுவில் ஒரு மைக்.

அவர்கள் ஷிப்ட் முடிந்து வரும் நேரத்தில் அவள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். ஆகவே பதிவுப் பொறுப்பை அம்மா லூசியம்மாள் ஏற்றாள். சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். பாட்டு முடிந்ததும் மறுபடி அழுத்த வேண்டும். நடுவில் குக்கர் விசில் அடிக்கக் கூடாது.

“உன் படிப்பு முடியற வரைக்கும் இந்த வூட்ல பருப்பு வேவாது,” என்றாள் லூசியம்மாள். பொத்தானை மட்டும் ஒருமுறையும் தவறவிடவில்லை.

பாடுகிறவர் காதில் ஹெட்போன், அதில் கீபோர்டு மட்டும். மற்றவர் குரல் கசிந்து மைக்கில் விழுந்தால் பதிவு கெடும் என்று பாடப் புத்தகம் சொன்னது.

சமர்ப்பிக்க ஒன்பது நாள் இருந்தபோது, ஒரு சனிக்கிழமை, பன்னிரண்டு குரலையும் ஒன்றாக ஓடவிட்டாள்.

பன்னிரண்டு பேரும் ஒரே மெட்டைப் பாடினார்கள். துணைக்குரல் இல்லை. கீழ்க்குரல் இல்லை. மெட்டு ஒருத்திக்கு, மற்றவர்களுக்கு அதோடு இணையும் வேறு வேறு குரல் என்று அவள் எழுதித் தந்த தாள்கள் மேசைமேல் காபிக் கறையோடு கிடந்தன.

“ஏம்மா, நீ கேட்டுக்கினுதான இருந்த?”

“கேட்டேன். எல்லாரும் நல்லாதான் பாடுனாங்க. ஒரே மாதிரி.”

பெனடிக்டைக் கூப்பிட்டாள். அவளோடு படித்தவன், மைன்ஸில் கன்வேயர் பெல்ட் ஓட்டுகிறவன், குழுவின் ஒரே நல்ல கீழ்க்குரல். மந்தாரக்குப்பத்திலிருந்து பைக்கில் வந்து, தன் குரலைத் தானே கேட்டான்.

“நல்லாதான கீது,” என்றான்.

“உன்னை எதுக்குடா குழுவுல வெச்சிருக்கோம்? மெட்டு விஜயகுமாரி அக்காவோடது.”

“எங்க பாடுனாங்க? காதுல ஒருத்தரும் இல்ல.”

“தாள்ல எழுதியிருக்கேன்ல.”

“தாள்ல எழுதுனா ஆளு வந்துடுமா? அவங்க ஆஸ்பத்திரி டூட்டின்னு நெனச்சேன். ஆளு இல்லன்னா மெட்ட யாருன்னா புடிச்சிக்கினு நிக்கணும். அடுத்த ஷிப்ட் ரிலீவர் வராம பெல்ட்ட வுட்டுட்டு வர முடியுமா?”

“பன்னெண்டு பேருமாடா?”

“பன்னெண்டு பேருக்கும் அதே பழக்கந்தான். நீதான் ஹெட்போன்ல யாரையும் வுடல.”

மறுநாள் திருப்பலிக்குப் பாடற்குழுவில் ஐந்து பேர் வந்தார்கள். துணைக்குரல் பாட வேண்டிய செபாஸ்டின் மெட்டைப் பாடினார். இரண்டாம் சரணத்தில் விஜயகுமாரி சீருடையோடு வேகமாக வந்து நின்றாள். செபாஸ்டின் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் வாய் திறந்ததும் மெட்டை விட்டுத் தன் குரலுக்கு இறங்கினார். பத்து வருடமாக அங்கே கீபோர்டு வாசிக்கிறாள் வினோலியா. அன்றுதான் கவனித்தாள்.

பிறகு குனிந்து பார்த்தாள். அவளுடைய இடது கை, வராத பெனடிக்டின் கீழ்க்குரலை வாசித்துக்கொண்டிருந்தது.

மதியம் வீட்டுக்கு வந்து முப்பது பக்கத்தையும் அழித்தாள். தன் இடது கை வாசித்ததிலிருந்து புதிதாக எழுத ஆரம்பித்தாள். ஐந்து நாளில் முடிந்தது. ஒரே ஒரு வசனம் வந்தது. அதுவும் தானாக வந்தது.

பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு மறுபதிவையும் வைத்துக்கொண்டாள். இந்த முறை ஒவ்வொருவர் ஹெட்போனிலும் அவருக்கு முன் பாடி முடித்த எல்லாரையும் விட்டாள். கசிந்தது. கசியட்டும் என்று விட்டுவிட்டாள். கடைசி ஆள் பெனடிக்ட், சனிக்கிழமை.

“எழுதி முடிச்சிட்ட, பொத்தான் அழுத்த இன்னிக்கு நீ இருக்க இல்ல?” என்றாள் லூசியம்மாள். “அப்ப நான் ரிலீவு.” அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பெனடிக்ட் முதல் சரணம் முழுக்க வாயே திறக்கவில்லை.

“என்னடா?”

“எல்லாரும் வந்துட்டாங்க,” என்றான், ஹெட்போனைப் பிடித்தபடி.

இரண்டாம் சரணத்தில் கீழே இறங்கினான். மேசைமேல் இருந்த தம்ளர் அதிர்ந்தது.

மூன்று வாரம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது. முப்பது பக்கமும் ஏற்கப்பட்டன. தொகுப்பும் ஏற்கப்பட்டது. பேராசிரியர் ஒரே ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். கடைசிப் பாட்டின் முடிவில், எல்லாக் குரலும் அடங்கிய பிறகு, நீளமாக ஒரு சத்தம் எழுகிறதே, அது எந்த வாத்தியம்?

வினோலியா பதில் எழுதினாள்: அம்மா, பருப்பு.