ஒரு கரண்டிப் பச்சைப் பொடி

டப்பாவைத் திறந்ததுமே பாசி பிடித்த குட்டையைக் கிளறிவிட்டது போல ஒரு வாடை. மருத்துவமனையின் உணவு ஆலோசகி மூக்கைச் சுளித்துக்கொண்டே ஒரு கரண்டிப் பொடியைத் தராசில் கொட்டினாள். பத்து கிராம். தண்ணீரில் கலக்கினாள். மேலே நுரை, அடியில் வண்டல். தான் வாயில் வைத்துப் பார்க்காத எதையும் நோயாளிக்குச் சொல்வதில்லை என்பது அவளுடைய வழக்கம். கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். முதலில் புல். அப்புறம் ஒரு போலித் தித்திப்பு, நாக்கில் ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்றது.

“எப்படி மேடம்?” என்றார் மேலாளர். “நம்ம மருந்துக் கடையில வைக்கப் போறோம். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.”

“மாட்டுக்கு வச்சாலும் முகத்தைத் திருப்பிக்கும் சார்.”

“ருசியை விடுங்க. நாப்பத்திரண்டு செடி மேடம்! ஆராய்ச்சியும் கூடவே வச்சிருக்காங்க.”

“படிச்சுட்டுச் சொல்றேன்.”

டப்பாவையும் ஆராய்ச்சித் தாளையும் எடுத்துப் படித்தாள். நாற்பத்திரண்டு செடிகளும் சேர்ந்தே ஆறு கிராம்தான். எது எவ்வளவு என்று எங்குமே இல்லை. ‘ஐந்து கிண்ணம் காய்கறிக்குச் சமம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். நார்ச்சத்து ஒன்றரை கிராம்; அதை ஒரே ஒரு கேரட் கொடுத்துவிடும். ஆராய்ச்சியோ இருபது பேரை வைத்து நான்கு வாரம் நடந்தது. பொடி குடிக்காதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. செலவு கம்பெனியுடையது. கேட்ட கேள்வி, ‘தெம்பாக உணர்கிறீர்களா?’ பதினாறு பேர் தலையாட்டியிருந்தார்கள். சில வைட்டமின்கள் இருந்தது உண்மைதான். அதை மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை, குறிப்பில் எழுதிக்கொண்டாள்.

அப்போதுதான் அவளுடைய அண்ணி உள்ளே வந்தாள். தையல் வேலை செய்கிறவள். இதயத்தில் வால்வு மாற்றி இரண்டு வருடம் ஆகிறது. ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை, மாதம் ஒரு பரிசோதனை. மூன்று மாதமாக மாத்திரை வேலை செய்யவில்லை. வால்வில் ரத்தம் கட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

“இன்னிக்கும் டாக்டர்கிட்ட திட்டு” என்று அண்ணி நாற்காலியில் விழுந்தாள். “மாத்திரையைக் கூட்டிட்டாரு. நான் ஒழுங்கா முழுங்கலையாம். உங்கண்ணன் மாத்திரை டப்பாவையே தன் பையில வச்சுக்கிட்டாரு. முழுங்கினதும் ‘வாயத் திற, நாக்கத் தூக்கு’ங்கிறாரு. பதினெட்டு வருஷம் குடும்பம் நடத்தினவளுக்கு இது தேவையா?”

ஆலோசகி தலையைக் குனிந்துகொண்டாள். போன மாதம் அவளும் அண்ணன் பக்கம்தான் பேசியிருந்தாள்.

கண்ணைத் துடைத்த அண்ணி மேசையைப் பார்த்தாள். “அட, இந்தக் கண்றாவி இங்கயும் வந்துருச்சா? நான் இளைச்சுட்டேன்னு உங்கண்ணன் ஆசையா வாங்கிட்டு வந்தாரு. மூணு மாசமா ரெண்டு ரெண்டு கரண்டி. மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிக்கிறேன்.”

“வாய்க்குள்ள போறது எல்லாத்தையும் பையில போட்டுக் கொண்டு வாங்கன்னு சொன்னேனே அண்ணி!”

“மருந்தெல்லாம் கொண்டு வந்தேனே. இது கீரைதானேன்னு விட்டுட்டேன்.”

கீரையைப் பற்றியும் அவள் கேட்டிருந்தாள். ‘நீ சொன்ன அதே அரைக் கிண்ணம், கூட்டறதும் இல்ல, குறைக்கறதும் இல்ல’ என்று அண்ணி சொன்னதும் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். இப்போது டப்பாவைத் திருப்பினாள். கடைசி வரியில், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், வைட்டமின் கே. கீரையில் இருப்பதுதான்; மாத்திரை தடுக்கிற ரத்த உறைதலையே தூண்டும் சத்து. இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்க வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. அண்ணிக்கு அந்த வரியைக் காட்டி விளக்கினாள்.

“வீட்டுக்குப் போனதும் சாக்கடையில கொட்டிடறேன்!” அண்ணி எழுந்துவிட்டாள்.

“ஐயோ, அவசரப்படாதீங்க! மாத்திரையை இன்னிக்குத்தான் கூட்டியிருக்காங்க. பொடியையும் நிறுத்தினா ரத்தம் கசிய ஆரம்பிச்சுடும். முதல்ல டாக்டர்கிட்ட போவோம்.”

அந்த அசிங்கத்தைக் கொட்டாதீர்கள் என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டியதாகிவிட்டது.

டாக்டர் டப்பாவை வெகுநேரம் படித்தார். மாத்திரையைப் பழைய அளவுக்கே இறக்கி, பொடியை நிறுத்தச் சொல்லி, ஐந்து நாளில் மறுபடி ரத்தம் பார்க்க எழுதினார். பிறகு அண்ணியிடம், “உங்களைத் தப்பா நினைச்சுட்டேம்மா” என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவரைக் கடவுள் நன்றாக வைத்திருக்கட்டும் என்று ஆலோசகி நினைத்துக்கொண்டாள். வெளியே வந்ததும் அண்ணியின் கையைப் பிடித்தாள். “நானும்தான் அண்ணி.”

மேலாளரின் தாளில் ‘பரிந்துரைக்க முடியாது’ என்று எழுதி, காரணத்தை முழுப் பக்கத்துக்கு எழுதினாள். பிறகு தன் கேள்வித்தாளில் கீரைக்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள்: ‘பொடி ஏதாவது கலக்கிக் குடிக்கிறீர்களா?’

பேருந்து ஓட்டும் அண்ணன் சீருடையோடு வந்து சேர்ந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப இவ மாத்திரையை முழுங்கிட்டுத்தான் இருந்தாளா?” என்றான்.

“ஆமாண்ணே. நீ வாங்கிக் கொடுத்ததையும் சேர்த்து.”

அண்ணன் சட்டைப் பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து, மனைவியின் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களைத் தானே மூடிவிட்டான். ஏதோ சொல்ல வாயெடுத்தான், வரவில்லை.

அண்ணி அவன் முகத்தையே பார்த்தாள். “எங்க, நாக்கத் தூக்குங்க. மன்னிப்பு அடியில ஒளிஞ்சிருக்கான்னு பாக்கறேன்.”

அவன் நிஜமாகவே தூக்கிக் காட்டினான்.