கைக்கு மேல்

தேசிய உதைபந்தாட்ட அணியின் கோல் காப்பாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது பதியுதீனின் தொழில். கோல் காப்பாளர்களைக் கண்டாலே ஆகாது என்பது அவருடைய குணம். இரண்டும் ஒரே ஆளுக்குள் பல வருடமாகச் சண்டையில்லாமல் குடியிருந்தன.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. முதலாவது காப்பாளன் பயிற்சியில் மணிக்கட்டை முறித்துக்கொண்டான். பந்தைப் பிடிக்கப் போய் அல்ல. பிடித்து முடித்த பிறகு, கமராவுக்குக் கைகாட்டிக்கொண்டே பின்பக்கமாக நடந்து, தண்ணீர்ப் பெட்டியில் தடுக்கி விழுந்து. இரண்டாவது ஆள் நடுவரின் நெஞ்சில் கைவைத்துத் தடை வாங்கியவன். மூன்றாவது ஆள் மக்கீனின் மருமகன்.

மக்கீன் அணியின் முகாமையாளர். கொழும்புக்காரர். உதைபந்தாட்டத்தில் அவருக்கு நன்றாகத் தெரிந்த பகுதி விமான நிலையங்கள். மருமகன் பந்து வரும்போது கண்ணை மூடுவான். "பயம் இல்ல பதியுதீன், தூசு" என்பார் மக்கீன்.

தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம் வெளிநாட்டில். தோற்காமல் திரும்பினால் போதும், அடுத்த சுற்று. கோலில் நிற்கத்தான் ஆள் இல்லை.

வெள்ளைக்காரத் தலைமைப் பயிற்றுவிப்பாளர் பதியுதீனைக் கூப்பிட்டார். சூயிங்கத்தை மெல்லுவதை நிறுத்தாமலே சொன்னார்.

"ஒருவனைத் தேடிக் கொண்டு வா. அவன் கோட்டை விட்டால், அவனோடு நீயும் வீட்டுக்குப் போகலாம்."

வீடு.

வெள்ளைக்காரருக்கு அது வெறும் சொல். பதியுதீனுக்கு அது கல்முனைக்குடி. பெரிய தெருவில் மச்சானின் ஹார்ட்வெயார் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தராசு. ஆணி நிறுத்துக் கொடுக்க ஒரு ஆள் தேவை என்று தங்கை ஸுல்பிகா ஒவ்வொரு பெருநாளைக்கும் போனில் ஞாபகப்படுத்துவாள். அந்தத் தராசுக்குப் பின்னால் உட்காருவதை நினைத்தாலே பதியுதீன் போனை வைத்துவிடுவார். ஊரில் அத்தனை பேருக்கும் எல்லாம் தெரியும். ஒருவனுக்கும் வாய் மூடத் தெரியாது. அதற்காகத்தான் ஊரை விட்டார்.

விதி என்ன செய்தது? கீப்பர் தேடி அவரை அதே ஊருக்கு அனுப்பியது. கூடவே மக்கீனையும். பதியுதீன் வெறுங்கையோடு திரும்பினால் மருமகனுக்கு யோகம். அந்த நம்பிக்கையில் மக்கீன் வழியெல்லாம் வடை சாப்பிட்டுக்கொண்டு வந்தார்.

*

மைதானத்து வாசலில் வரவேற்புப் பதாகை. பதியுதீனின் படம் தபால் முத்திரை அளவு. அதற்கு மேலே ஊர்ப் பிரமுகர் ஒருவர் ஆளுயரத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்தார். உள்ளே போனால் அவரேதான் பந்தலாகவும் நின்றார். மைதானம் முழுக்கத் தகரக் கூரை, நாற்காலி, ஒலிபெருக்கி. கோல் கம்பத்தில் பந்தல் கயிறு.

"சேர், நாளைக்கு அவர்ட கூட்டம்," என்றார் உள்ளூர் உதைபந்துக் கழகத்தின் செயலாளர். முகத்தில் கொஞ்சமும் வெட்கமில்லை. "அவிழ்க்க ஏலா. கடற்கரைக்குப் போவம். நம்மட புள்ளையள் விளையாடுறதே அங்கதானே."

"தேசிய அணிக்கு ஆள் எடுக்கிறது கடற்கரையிலயா?"

"மண்ணுல விழுந்தா நோகாது சேர்."

பதியுதீன் மறுத்திருக்கலாம். மாவடிப்பள்ளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானமாவது கிடைத்திருக்கும். ஆனால் செயலாளரோடு இன்னும் ஐந்து நிமிடம் கதைப்பதைவிடக் கடற்கரை மேல் என்று நினைத்தார். ஊரார் மீதிருந்த வெறுப்பு முதல் தடவையாக அவர் காலை வாரியது அங்கேதான்.

சாய்ந்தமருதுக் கரை. தோணிகளுக்கு நடுவே நாட்டிய இரண்டு மரக்கம்புகள். அதுதான் கோல். பக்கம் உண்டு, உயரம் இல்லை. மேலே குறுக்குக் கம்பி என்று ஒன்று அந்தக் கரையில் எப்போதும் இருந்ததில்லை.

கம்பி இல்லாத கோலுக்கு உயரம் எது? கீப்பரின் கை. நின்ற இடத்தில் நின்றபடி கையை நேரே தூக்குவான். பந்து கைக்கு மேலே போனால் "மேல்". கோல் இல்லை. மேன்முறையீடும் இல்லை. பாய்ந்து தட்டப் போகிறவன் மடையன். அவன் பாய்ந்து எட்டிய உயரமெல்லாம் கோலின் உயரமாகிவிடும். அதனால் அங்கே குள்ளக் கீப்பருக்குத்தான் கிராக்கி.

இதைப் பதியுதீனுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அவர் நடக்கப் பழகியதே அந்த மணலில்தான். விளக்கத் தேவைப்பட்டது மக்கீனுக்கு. ஒருவரும் விளக்கவில்லை.

வந்திருந்தவர்கள் இருவர். காரைதீவு நிதர்சன் நெட்டையன். கழகத்தின் முதல் கீப்பர். கையுறை, முழங்கால் பட்டி, எல்லாம் ஒழுங்கு. சாய்ந்தமருது சுபியான் கட்டையன், கரைவலை இழுப்பவன், கடற்கரைக் கிண்ணங்களை வரிசையாக வென்றவன், கழகத்தில் மட்டும் ஆட இறக்கப்படாமல் ஓர வாங்கில் உட்கார்ந்திருப்பவன். அவனிடம் கையுறைகூட இல்லை.

முதலில் நிதர்சன். தாழ்ந்த பந்துகளை மறித்தான், ஒன்றிரண்டைத் தவிர. பிறகு ஒரு பந்து உயரமாக வந்தது. எகிறிப் பாய்ந்தான். விரல் நுனிக்குப் பக்கத்தால் பந்து போனது.

"கோல்!" கரை முழுவதும் ஒரே குரல்.

"எப்பிடிக் கோல்?" நிதர்சன் மணலைத் தட்டிக்கொண்டு எழும்பினான். "சேர், கம்பி இருந்தா அது கம்பிக்கு மேலால போற பந்து."

"கம்பி எங்க இரிக்கு?" என்றார் பதியுதீன்.

"இல்லத்தான். நான் சொல்றது..."

"இல்லாத கம்பியப் பத்திக் கதைக்கிறவன் கீப்பர் இல்ல தம்பி. வக்கீல்."

கரை சிரித்தது. நிதர்சனின் காது சிவந்தது. அடுத்த பந்தும் உயரம். அதற்கும் பாய்ந்தான். அதுவும் கோல்.

பிறகு சுபியான்.

பதியுதீன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இடமும் வலமும் பந்துகள் பறந்தன. ஒன்றும் போகவில்லை. விழுந்தான், எழும்பினான், காலால் தட்டினான், முகத்தால் தடுத்தான். வாயில் ரத்தம். துப்பிவிட்டு, "அடிங்கடா, என்ன கஞ்சி குடிக்காமலா வந்தீங்க?" என்றான்.

உயரமான பந்து வந்தது. சுபியான் அசையவில்லை. வலது கையை நேரே தூக்கினான். பந்து கைக்கு மேலே கடந்து கடலுக்குள் போனது.

"மேல்," என்றான் அமைதியாக.

"மேல்," என்றது கரை.

"மேல்," என்றார் பதியுதீன். சொன்னது அவருக்கே தெரியாது.

மக்கீன் வடையை விழுங்கிவிட்டுக் கேட்டார். "ஏன் இவன் பாயல்ல?"

அன்றைய நாளில் யாராவது கேட்ட ஒரேயொரு உருப்படியான கேள்வி அதுதான். கேட்டது மக்கீன். ஆகவே பதியுதீனுக்கு அது கேள்வியாகவே படவில்லை.

"பந்த எப்ப விடணும் எண்டு தெரிஞ்சவன்தான் கீப்பர். உங்களுக்கு விளங்காது."

"என்ட மருமகனும் விடுவான்."

"ஓம். அவன் கண்ண மூடிட்டு விடுவான்."

அத்தோடு தெரிவு முடிந்தது. சுபியான். வான் வண்டியில் ஏறும்போது நிதர்சன் கிட்டே வந்தான். குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"சேர், கோவிக்காதங்க. அங்க போனா மேல்கம்பி இரிக்குமே. இவனுக்குக் கை தன்ட பாட்டுல எழும்பும். கழகத்துல இவன வாங்கில வச்சிருக்கிறதே அதுக்குத்தான்."

"அங்க புல்லும் இரிக்கும். வந்து மேயுறியா?"

நிதர்சன் கையுறையைக் கழற்றிக்கொண்டு நடந்தான். தோற்றவன் சொல்லுகிற குறை என்று பதியுதீன் நினைத்தார். தோற்றவர்களிடம் அவருக்கு மரியாதை இருந்ததே இல்லை.

*

கொழும்பில் முதல் பயிற்சியிலேயே உயரப் பந்துக்குச் சுபியானின் கை எழும்பியது. பந்து வலைக்குள். பதியுதீன் கணக்குப் போட்டார். ஆளைத் திருப்பி அனுப்பலாம், நிதர்சனைக் கூப்பிடலாம். ஆனால் அதற்கு ஒரு வக்கீலிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். மக்கீன் பார்த்துக்கொண்டிருக்க.

"டேய், மேல பாரு. என்ன தெரியுது?"

"கம்பி காக்கா." ஊரில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டான்.

"அதுக்குக் கீழ வந்தா?"

"பாயணும்."

"அப்ப பாய்டா."

அன்று முதல் அதுவே பயிற்சி. உயரப் பந்து வரும். பதியுதீன் "பாய்" என்று கத்துவார். சுபியான் பாய்வான். நன்றாகவே பாய்ந்தான். கட்டையன் அவ்வளவு உயரம் எழும்புவதைப் பார்த்து வெள்ளைக்காரரே ஒரு தடவை மெல்லுவதை நிறுத்தினார்.

"நீங்க கத்தாட்டி?" என்று கேட்டார் மக்கீன்.

"கத்துவன்."

ஆட்டம். எதிரணியின் கூட்டம் அரங்கை அடைத்துக்கொண்டு இருந்தது. பதியுதீன் கோட்டோரத்தில் நின்றார். உயரப் பந்து வரும்போதெல்லாம் தொண்டை கிழியக் கத்தினார். சுபியான் பாய்ந்தான், தட்டினான், அணைத்தான். தாழ்ந்த பந்துகளுக்குக் கத்தல் தேவைப்படவில்லை. ஒன்றைக் கோட்டிலிருந்து நகத்தால் கிள்ளி எடுத்த மாதிரி எடுத்தான். பூச்சியத்துக்குப் பூச்சியம். ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம். வாங்கில் இருந்தவர்கள் கைகோர்த்துக்கொண்டார்கள். மக்கீன் கடைத்தெருவுக்குப் போகும் வழியை விசாரித்துக்கொண்டிருந்தார்.

பதியுதீன் தராசை மறந்தே போனார்.

அப்போதுதான் எதிரணிக்குத் தூரத்தில் ஒரு ஃப்ரீ கிக் கிடைத்தது. உதைத்தவன் பலமாகக்கூட உதைக்கவில்லை. பந்து மெதுவாக எழும்பி, ஆட்கள் கட்டிய சுவரைக் கடந்து, சோம்பலாக இறங்கி வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் பாய நேரம் இருந்தது.

சுபியான் பந்தைப் பார்த்தான். களைத்த உடம்பு தனக்குத் தெரிந்ததைச் செய்தது. வலது கை நேரே எழும்பியது.

பதியுதீன் கத்த வேண்டிய நேரம் அது. ஒரே ஒரு சொல். அதற்குத்தான் சம்பளம்.

அவருடைய கையும் எழும்பியது.

"மேல்," என்றார்.

பந்து சுபியானின் விரலுக்கு ஒரு சாண் மேலாலும் கம்பிக்கு ஒரு முழம் கீழாலும் போய் வலையில் விழுந்தது.

அரங்கு வெடித்தது. சுபியான் திரும்பியே பார்க்கவில்லை. நடுவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, கோல் உதை அடிப்பதற்குப் பந்தைத் தேடினான். எதிரணிக்காரர்கள் ஓடிவந்து ஒருவர்மேல் ஒருவர் விழுவதைப் பார்த்து, இவனுகளுக்கு என்ன விசர் பிடித்ததா என்பது மாதிரி நின்றான். பிறகுதான் மேலே பார்த்தான். கம்பி இருந்தது.

அன்றிரவே அந்தக் காட்சி நாடு முழுக்க ஓடியது. முன்னால் கையைத் தூக்கிய கீப்பர். பின்னால் கோட்டோரத்தில் அதே கை, அதே உயரம், அதே முகத்தோடு பயிற்றுவிப்பாளர்.

வெள்ளைக்காரர் சூயிங்கத்தைக் காகிதத்தில் சுற்றிப் போட்டுவிட்டு, வாசலைக் காட்டினார்.

*

ஆணிகள் அளவு வாரியாகத் தகரப் பேணிகளில் இருந்தன. பதியுதீன் தராசுக்குப் பின்னால் இருந்தார். ஸுல்பிகா புதிதாக ஒரு மெத்தை தைத்துக் கதிரையில் போட்டிருந்தாள். அவருக்கு அதையும் பிடிக்கவில்லை.

அடுத்த தெரிவில் நிதர்சன் தேசிய அணிக்குப் போய்விட்டான். போவதற்கு முதல் நாள் கடைக்கு வந்து நீளக் குழாய் ஒன்று கேட்டான்.

"என்னத்துக்கு?"

"கடற்கரைக் கோலுக்கு மேல கட்டிப் போட்டுட்டுப் போகப் போறன் சேர். இனி வாறவனுக்காவது உதவும்."

ஏளனமாகச் சிரிக்கப் போனார் பதியுதீன். சிரிப்பு வரவில்லை. குழாயைக் கொடுத்தார். நிதர்சன் கட்டினான். அடுத்த நாள் அதில் யாரோ வலை காயப் போட்டார்கள். அதற்கடுத்த நாள் குழாயைக் காணவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து கழகத்துக் கூட்டம் கடைக்கு வந்தது. முன்னால் செயலாளர். பின்னால் சுபியான், கரைவலைக் கயிறு உரித்த கையோடு. அவன் முகத்தில் கவலை ஒன்றும் இல்லை. கரைக்குத் திரும்பிய நாளிலிருந்து இன்னும் ஒரு கோல் விடவில்லையாம்.

"சேர், வீடியோவப் போட்டுப் போட்டுப் பாத்தம்," என்றார் செயலாளர். "கமிட்டி முடிவெடுத்திட்டுது. பந்து கைக்கு மேலாலதான் போயிருக்கு. நம்ம கணக்குல அந்த ஆட்டம் சமம்."

"உங்கட கணக்க யாரு கேட்ட?"

"கேக்காட்டியும் கணக்கு கணக்குத்தானே சேர்."

பதியுதீன் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். இந்த முட்டாள் கூட்டத்துக்குப் பயந்துதான் ஓடினார். இவர்களில் ஒருவன் உலக வரைபடத்தில் கல்முனையைக் காட்டமாட்டான். கம்பி என்றால் வலை காயப் போடுகிற சாமான். இவர்கள் கூடி உட்கார்ந்து ஒரு நாட்டின் தோல்வியை ரத்துச் செய்திருக்கிறார்கள்.

"போங்க. கடைக்கு முன்னால நிக்காதங்க."

போகவில்லை. ஸுல்பிகா உள்ளேயிருந்து தேத்தண்ணியோடு வந்தாள்.

"அவங்க கிடக்கட்டும் காக்கா. நீங்க நேர கண்டவர். அல்லாவுக்காகச் சொல்லுங்க. அது கோலா, மேலா?"

தராசுத் தட்டு ஆடிக்கொண்டிருந்தது. வாங்க வந்தவன் ஒருவன் இரண்டு அங்குல ஆணிக்குக் காத்துக்கொண்டிருந்தான். அவனும் பதிலுக்காகக் காதைத் தீட்டினான்.

பதியுதீன் சுபியானைப் பார்த்தார்.

"உன்ட கை முழுசா நீட்டித்தானே இரிந்த?"

"ஓம் காக்கா. மடக்கவே இல்ல."

பதியுதீன் பேணியிலிருந்து ஆணியை அள்ளித் தட்டில் போட்டார். முள் நடுவுக்கு வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேல்," என்றார். "இப்ப போங்கடா."