கட்டிலில் மூட்டு

கிருமி தாக்கியது செயற்கை இடுப்பு மூட்டைத்தான் என்பதால் ஆஸ்பத்திரியில் மூட்டுக்குத்தான் கட்டில் கொடுத்தார்கள். அதை இடுப்பில் சுமந்துவந்த குளோரிந்தாளுக்கு ஸ்டூல் போட்டார்கள். நோயாளிக்குத் துணை வந்தவர்களுக்கு எங்கும் ஸ்டூல்தான்.

டாக்டர் மூட்டைக் கழற்றி, கழுவி, போர்வை போர்த்திப் படுக்கவைத்தார். அது இருந்த பள்ளத்தில் மருந்து கலந்த சிமெண்டுக் கட்டியைத் தற்காலிகமாக வைத்து அடைத்தார். குளோரிந்தாளுக்கு வேண்டியது ஒன்றுதான். மூட்டோடு சேர்ந்து வீட்டுக்கு நடந்து போகவேண்டும்.

சொந்தபந்தமெல்லாம் ரொட்டியும் சாத்துக்குடியுமாக வந்தது. நாத்தனார் பிலோமினாள் மூட்டைத் தடவிப் பார்த்துக் கண்கலங்கினாள். "ஒழுங்காக் கவனிச்சிருந்தா இதுக்கு இந்தக் கெதி வருமா மைனி?"

குளோரிந்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வலியில் துடித்தவள் ஸ்டூலில், வலி கொடுத்தது மெத்தையில். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவது என்றால் இதுதான். ஊசி மட்டும் அவளுக்குப் போட்டார்கள். தாகத்துக்கு ஜூஸ் கேட்டபோது, "பேஷண்ட் குடிச்சு மிச்சமிருந்தா தாரேன்" என்றார் புருஷன் சவேரியான். மூட்டு ஒருநாளும் மிச்சம் வைக்கவில்லை.

ஒரு காலையில் டாக்டர் மூட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"நல்லாத் தேறிடுச்சு. ஆனா கிருமி இந்தம்மா உடம்புல இருந்துதான் வந்திருக்கணும். திரும்ப இதுலயே வச்சா மறுபடியும் வந்துடும். வேற உடம்பு மாத்திடலாம்."

"எத்தனை வருஷம் தாங்கும் டாக்டர்?" என்று கேட்டார் சவேரியான்.

"இருபது வருஷத்துக்குக் கவலையில்ல."

"ஏங்க, கல்யாணமான நாளா ஒங்களுக்கு வடிச்சுக் கொட்டுனது நானா, இந்த இரும்பா?" என்று கத்தினாள் குளோரிந்தாள். நோயாளி பக்கத்தில் சத்தம் போடவேண்டாம் என்றாள் நர்ஸ்.

மூட்டுக்கு ஒரு புதுப் பெண்ணைப் பொருத்தினார்கள். அளவு கச்சிதமாக இருந்தது. அவள் குளோரிந்தாளின் நீலச் சேலையை உடுத்திக்கொண்டு, சவேரியான் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏறினாள். "பாத்து, பாத்து" என்று மூட்டைத் தாங்கிக்கொண்டாள் பிலோமினாள். சண்டாளி, இத்தனை வருஷத்தில் ஒருநாள் குளோரிந்தாளை அப்படித் தாங்கியிருப்பாளா?

கழற்றியதைப் பரிசோதனைக்கு அனுப்புவது வழக்கம். குளோரிந்தாளையும் அனுப்பினார்கள். கிருமி துளிகூட இல்லை என்று முடிவு வந்தது. ஆனாலும் கழற்றியதைத் திரும்ப மாட்டுகிற வழக்கம் இல்லை என்றார்கள்.

பின்கட்டு அறையில் ஏழெட்டுப் பெண்கள் பெஞ்சில் இருந்தார்கள். தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள்.

"ஒங்கள எதுல இருந்து கழட்டுனாங்க?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இடுப்பு மூட்டுல இருந்து. ஒங்கள?"

"பல்செட்டுல இருந்து. போன வாரம் எம்மக கல்யாணத்த அதுதான் முன்னால நின்னு நடத்திச்சாம்" என்றாள் அவள்.