மார்ஷ்மெல்லோ என்று பேர் வைத்தவன்

சிராஜ் முதல் அடியை ஓவன் மேல்தான் போட்டான். அடுப்படி மூலையில் அம்மி மேல் கிடந்த குழவியைத் தூக்கி, உள்ளே தட்டு நிறைய பிஸ்கட் உப்பிக்கொண்டிருந்த ஓவனின் கண்ணாடிக் கதவில் இறக்கினான். சூடேறிக் கிடந்த கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்து சைனபின் பாதம் வரை சிதறியது. அடுத்த அடியில் உள்ளே இருந்த தட்டு வளைந்தது. அதற்கடுத்த அடியை மேடையில் அடுக்கி வைத்திருந்த பிஸ்கட் டப்பாக்கள் வாங்கிக்கொண்டன.

"நோன்பும் அதுவுமா ஊருக்கே பன்னியத் திங்கக் குடுக்குறீங்களா மதினி? நீங்கள்லாம் நல்லாயிருப்பீங்களா?"

சைனப் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். கொழுந்தன் அவளிடம் குரலை உயர்த்திப் பேசி அவள் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்தால் தலையைக் குனிந்தபடி "மதினி, டீ இருக்கா" என்று கேட்கிற பையன். அவன் கண் இப்போது ரத்தச் சிவப்பாக இருந்தது. நோன்பு வைத்த உதடு வெடித்திருந்தது.

நடந்தது இதுதான். சிம்மக்கல்லில் சிராஜ் வேலை பார்க்கிற மளிகை மொத்தக் கடைக்கு அன்று காலையில் தவ்பீக் வந்திருக்கிறான். சிராஜுக்குப் பேசி முடித்திருக்கிற பெண்ணின் அண்ணன். பெருநாள் கழித்துக் கல்யாணம். வந்தவன் சும்மா வரவில்லை, கையில் போனோடு வந்தான். மார்ஷ்மெல்லோ என்கிற மிட்டாயைப் பன்றித் தோலையும் எலும்பையும் காய்ச்சித்தான் செய்கிறார்கள் என்று யாரோ ஒருவர் அதில் ஓடிய வீடியோவில் விளக்கிக்கொண்டிருந்தார். "ஆனையூர்ல உங்க மதினி செஞ்சு விக்கிறது இந்த மார்ஷ்மெல்லோ பிஸ்கட்தானே மாப்ள? எங்க வீட்டுக்கும் ஒரு டப்பா வந்துச்சு. எங்கம்மா குப்பையில கொட்டிட்டாங்க" என்று மூட்டை இறக்குகிறவர்கள் காதுபடச் சொன்னான். நாலு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் சிராஜ் செல்லூர் வழியாக, வெயிலோடு வெயிலாக, ஆனையூர் வரை வண்டியில் சுமந்துகொண்டு வந்திருந்தான்.

சத்தம் கேட்டு உள்ளறையில் படுத்திருந்த பாதுஷா எழுந்து ஓடி வந்தான். ஆட்டோ ஓட்டுகிறவன். இருபத்தொன்பதாவது நோன்பு அன்று மதியம் கொஞ்சம் கண்ணசரலாம் என்று சவாரியை விட்டுவிட்டு வந்திருந்தான். வந்த வேகத்தில் தம்பியின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டான்.

"யார் வீட்டு அடுப்படியிலடா வந்து நிக்கிற?"

"பன்னி வேகுற அடுப்படியில நிக்கிறேன்!"

சைனப் வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தைதான் அவள் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பிஸ்கட்டுக்குள் இருந்தது கடல்பாசி. நோன்பு மாதத்தில் இந்த ஊரில் எந்த முஸ்லிம் வீட்டிலும் பாலும் சீனியும் போட்டுக் காய்ச்சி, தட்டில் உறையவிட்டு, துண்டு போட்டு நோன்பு திறக்கிற அதே கடல்பாசி. அதைப் பாகோடு சேர்த்துக் காய்ச்சி, மெஷினில் வெள்ளை நுரையாக வரும்வரை அடித்து, குளிரவைத்து, துண்டு போட்டு மாவுக்குள் ஒளித்துச் சுட்டாள். பிய்த்தால் உள்ளே பஞ்சாக இழுபடும். மார்ஷ்மெல்லோ என்று பேர் வைத்தது பாதுஷாதான். "கடல்பாசி பிஸ்கட்னு போட்டா எவன் புள்ள வாங்குவான்? என் பேரே பலகாரம். பலகாரத்துக்குப் பேரு வைக்க என்னைய விட்டா ஆளு யாரு?" என்று சிரித்துக்கொண்டே டப்பாவுக்கெல்லாம் அவன்தான் பேர் ஒட்டினான்.

"தம்பி, அதுல..." என்று அவள் ஆரம்பித்ததும் பாதுஷா கையைக் காட்டி நிறுத்தினான்.

"நீ சொல்லாத சைனப். அண்ணன் வீட்டுல பன்னி வேகாதுன்னு இவனுக்கு நாம சொல்லித்தான் தெரியணுமா? அத்தா மவுத்தாப் போனதுல இருந்து உனக்குச் சோறு போட்டது இந்தக் கையிடா. நான் ஹராமானவனா? சொல்லு, உன் வாயால சொல்லு."

"நீ ஹராமானவன்தான்."

பாதுஷா மறுபடி அறைந்தான். இந்த முறை சிராஜ் தள்ளாடி, அம்மியில் கால் இடறி விழுந்து, எழும்போது கையில் இருந்த குழவியோடு எழுந்தான். அதைக் கீழே போட அவனுக்குத் தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை. அண்ணனின் நெற்றிப்பொட்டில் அது பட்டபோது வந்த சத்தம், கண்ணாடி உடைந்த சத்தத்தில் பாதிகூட இல்லை.

பாதுஷா உட்கார்ந்தான். பிறகு படுத்தான். பிஸ்கட் மாவிலும் கண்ணாடித் தூளிலும் ரத்தம் ஓடி ஓடிப் பரவியது. சிராஜ் அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் நகர்ந்து, வாசல் தாண்டி ஓடினான்.

பக்கத்து வீட்டு முத்துப்பாண்டிதான் பாதுஷாவின் ஆட்டோவையே எடுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டினார். சைனபின் மடியில் தலை. அவள் முந்தானை முழுக்க நனைந்து கனத்தது. பாலத்தருகே வண்டி நெரிசலில் நின்றபோது பாதுஷா கண்ணைத் திறந்தான். முத்துப்பாண்டி தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பின்னால் நீட்டினார்.

"ஒரு வாய் குடி மாப்ள. வாய் நனையட்டும்."

சைனப் பாட்டிலை அவன் உதட்டில் வைத்தாள். பாதுஷா முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பாங்கு சொல்லிட்டாங்களா?"

வெயில் இன்னும் இறங்கவில்லை. சொல்லிவிட்டார்கள் என்று ஒரு பொய் சொன்னால் குடித்திருப்பான். நோன்போடு இருக்கிற மனிதனிடம் அப்படிப் பொய் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை.

"இன்னும் இல்லைங்க."

"அப்ப பெறகு" என்றான். அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்து, டாக்டர்கள் போராடிப் பார்த்து, வெளியே வந்து தலையை ஆட்டியபோது எங்கோ ஒரு பள்ளிவாசலில் நோன்பு திறக்கிற மஃரிபு பாங்கு கேட்டது. அதைத் தொடர்ந்து வெடிச் சத்தம் கேட்டது. பிறை தெரிந்துவிட்டதாம். மறுநாள் பெருநாள்.

மாமி வந்து சேர்ந்தாள். பாதுஷாவையும் சிராஜையும் பெற்றவள், ரஹ்மத் பீவி. மகனின் முகத்தைப் பார்த்து அலறி, தரையில் விழுந்து புரண்டு, மார்பில் அடித்துக்கொண்டு ஓய்ந்த பிறகு, விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் போய்ப் பேசிவிட்டு வந்து, மருமகளின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மியில வழுக்கி விழுந்துட்டான்னு போலீஸ்ல சொல்லியிருக்கேன் சைனபு. நீயும் அதையே சொல்லு. ஒருத்தன் போயிட்டான்மா. இன்னொருத்தனையும் புடுங்கிறாத. உன் காலுல விழுந்து கேக்குறேன்."

சைனப் காலை இழுத்துக்கொள்ளவில்லை. வராந்தாக் கோடியில் தூணுக்குப் பின்னால் சிராஜின் சட்டை தெரிந்தது.

பெருநாள் மதியம், தெருவில் புதுச் சட்டைக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த வேளையில் பாதுஷாவின் மையத்து வீட்டுக்கு வந்தது. பிரேதப் பரிசோதனை முடித்து வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். கூடவே சப்-இன்ஸ்பெக்டர் தாமரைச்செல்வியும் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பெண்கள் பக்கம் வந்து உட்கார்ந்து, மெதுவாகத்தான் கேட்டார்.

"உங்க வாக்குமூலம் மட்டும் பாக்கிம்மா. அவசரமில்ல. குளிப்பாட்டி முடியட்டும்."

மாமியின் விரல்கள் சைனபின் மணிக்கட்டைச் சுற்றி இறுகின. அடுப்படியை அதிகாலையிலேயே வந்து மாமி கழுவிவிட்டிருந்தாள். குழவியையும் கழுவி, அம்மி மேல் பழையபடி வைத்திருந்தாள். உடையாமல் தப்பிய ஒரே ஒரு டப்பா பிஸ்கட் மட்டும் மேடை ஓரத்தில் இருந்தது. அதை எறிய அவளுக்கு என்னவோ கை வரவில்லை போல.

கொல்லையில் சேலைகளைக் கட்டி மறைப்பு போட்டார்கள். சிராஜ் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு நின்றான். கூடப்பிறந்தவன்தான் முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவன் முகம் வீங்கியிருந்தது. இரவெல்லாம் அழுதிருக்கிறான். அழுதது உண்மைதான், அதில் சைனபுக்குச் சந்தேகமில்லை.

புருஷனை இழந்தவள் ஆண்கள் நிற்கிற பக்கம் வரக் கூடாது. சைனப் மணிக்கட்டை உருவிக்கொண்டு எழுந்தாள். அடுப்படிக்குப் போய் டப்பாவை எடுத்துக்கொண்டு நேரே கொல்லைக்கு நடந்தாள். நின்றவர்கள் விலகினார்கள்.

"தின்னுங்க தம்பி" என்றாள். "தின்னுட்டு உங்க அண்ணனைத் தொடுங்க."

"மதினி..."

"நோன்பு முடிஞ்சிருச்சுல்ல. தின்னுங்க."

யாரோ "என்னம்மா இது, இந்த நேரத்துல" என்றார். சைனப் அவர் பக்கம் திரும்பவே இல்லை. சிராஜ் ஒன்றை எடுத்தான். பிய்த்தான். உள்ளே வெள்ளையாக இழுபட்டது. கண்ணை மூடிக்கொண்டு வாயில் போட்டான். இரண்டு முறை மென்றான். மூன்றாவது முறை தாடை நின்றுவிட்டது. சின்ன வயதிலிருந்து நோன்பு திறந்த நாக்குக்கு அந்த ருசியை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"கடல்பாசி" என்றான். சத்தமே வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

"தலைநோன்பு அன்னைக்கு உங்க கடையிலிருந்து ஒரு கட்டு கொண்டாந்து குடுத்தீங்களே, அதுதான். இம்புட்டு நாளும் அதுலதான் செஞ்சேன்."

சிராஜ் தண்ணீர் வாளியின் பக்கத்தில் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்தான். வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. சுருட்டிய சட்டைக் கையை இறக்கி இறக்கி விட்டுக்கொண்டான்.

தாமரைச்செல்வி பின்னால் வந்து நின்றிருந்தார். மாமி ஓடி வந்து மருமகளின் தோளைப் பிடித்தாள்.

"சைனபு, வேணாம்மா. வேணாம்."

"எப்படிம்மா விழுந்தாரு?" என்று தாமரைச்செல்வி கேட்டார்.

"விழல மேடம். இவரு குழவியால அடிச்சாரு." மாமியின் நகம் தோளில் பதிந்தது. சைனப் மாமியைப் பார்த்துத்தான் மீதியைச் சொன்னாள். "நேத்து ஒரு வாய் தண்ணிக்காக அவருகிட்டயே நான் பொய் சொல்லல மாமி. இப்ப எப்படிச் சொல்லுவேன்?"

சிராஜ், அண்ணன் கிடந்த மறைப்பின் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுத் தானாகவே எழுந்து முன்னால் நடந்தான்.

குளிப்பாட்டுவதை மற்றவர்கள் செய்தார்கள். பாதுஷாவைச் சுமந்த சந்தூக் தெருவில் இறங்கி இடப்பக்கம் போனது. போலீஸ் ஜீப் வலப்பக்கம் திரும்பியது. மாமி வாசற்படி தாண்டி நடுத்தெரு வரை ஓடினாள். இந்தப் பக்கம் நாலடி வைத்தாள். நின்று, அந்தப் பக்கம் நாலடி வைத்தாள். கடைசியில் இரண்டும் கண்ணுக்கு மறைந்த பிறகும் அங்கேயே நின்றாள். முத்துப்பாண்டியின் மனைவிதான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து உட்கார வைத்தாள்.

வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சைனப் அடுப்படிக்குப் போனாள். பிரிட்ஜைத் திறந்தாள். அடுத்த தட்டுக்கென்று நேற்று காலையில் அடித்து உறையவிட்ட கடல்பாசி அப்படியே இருந்தது. வெளியே எடுத்ததும் தட்டு முழுக்க லேசாக நடுங்கியது. கத்தியால் ஒரு துண்டு போட்டாள்.

மாமி சுவரில் சாய்ந்து கிடந்தாள். உதட்டில் வெள்ளையாகப் பொறுக்கு கட்டியிருந்தது. முந்தின நாள் நோன்பை அவள் இன்னும் திறக்கவில்லை. அது சைனபுக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் அவளும் திறக்கவில்லை.

"மாமி, நேத்திலிருந்து பச்சத் தண்ணி குடிக்கல நீங்க" என்று சொல்லி, துண்டை மாமியின் வாயருகே கொண்டுபோனாள்.

மாமி அதைப் பார்த்தாள். பிறகு சைனபைப் பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை. சைனபும் கையை இறக்கவில்லை.