பாறை வழியே வந்த கெண்டை

பாப்பாயி கல்யாணமாகி வந்த அன்று புருஷன் சின்னுசாமி ஒரு சொல் கொடுத்தார். "மூணே வருசம். ராஜவாய்க்கால் தண்ணி நம்ம காட்டுக்கு வந்துரும்."

அவள் ஜேடர்பாளையத்துக்காரி, வாய்க்கால் கரையில் பிறந்தவள். "சரிங்க. வந்தப்புறம் குடிக்கறேன். அதுவரைக்கும் அந்தத் தண்ணி எனக்கு வேண்டாம்" என்றாள். தாய் வீட்டுக்கு விருந்து போனாலும் சுரைக்குடுக்கையில் புருஷன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைத்தான் சுமந்து போய்க் குடித்தாள். இருபத்தேழு வருஷமாயிற்று. வாய்க்கால் மேற்கே இரண்டு மைலுக்கு அப்பாலேயே ஓடிற்று. சின்னுசாமி போட்ட மனுவுக்கெல்லாம், மானாவாரிக் காடு, வாய்க்கால் பாயும் ஆயக்கட்டுக்கு வெளியே இருக்கிறது என்று ஒரே பதில்.

அவர் கிணறு அறுபதடி, அத்தனையும் பாறை. தண்ணீர் அப்படி உப்பு. அதில் வேகப் போட்ட துவரை, மூடியைத் திறந்து பார்த்தபோது முளைவிட்டிருந்தது.

சாயங்காலம் மேல்காற்றில் நெல்வயல் வாசம் வரும். பாப்பாயி கையிலிருக்கும் வேலையை அப்படியே விட்டு மேற்கே முகம் திருப்புவாள். சின்னுசாமி அதைப் பார்க்காதவர் போல மாட்டின் வாலைப் பரிசோதிப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில், வாய்க்கால் கசிவு ஊறுகிற கிணற்றுக்கும் தண்ணீர்த் தீர்வை உண்டென்று ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சுவாமிநாதன் கிணறு கிணறாகப் பார்க்க வந்தார். வாய்க்காலை ஒட்டிக் கிணறு வைத்திருந்த தங்கமுத்து, தன் ஊற்று கொல்லிமலையிலிருந்து வருவதாகச் சத்தியம் செய்தார். சின்னுசாமி மட்டும் இன்ஸ்பெக்டரை வழிமறித்து, இரண்டு மைல் நடத்தியே கூட்டி வந்தார்.

"உங்க கிணறு லிஸ்டிலேயே இல்லையே, கவுண்டரே."

"அதானுங்க மனக்கொறை. இதுல ஊறறதும் வாய்க்கால் தண்ணிதான், எழுதிக்குங்க."

"எழுதினால் தீர்வை கட்டணும்."

"கட்டறனுங்க. வாய்க்கால் பதிவேட்டுல பேரு ஏறுனாப் போதும். அப்புறம் தண்ணி கேக்க ஒரு வழி பொறக்குமில்லீங்களா."

சுவாமிநாதன் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே ஆறு கெண்டை மீன்கள் திக்குத் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தன. அன்று விடியலில் சின்னுசாமி வாய்க்காலில் பிடித்து, குடத்தில் தூக்கி வந்து விட்டவை.

"இதெல்லாம் பாறை வழியாகவா வந்தது?"

"வர்றப்ப ஒல்லியாத்தான் வந்துதுங்க. இங்க வந்துதான் தேறுச்சு."

சுவாமிநாதன் சிரிக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். பாப்பாயி கிணற்றில் சேந்தி ஒரு சொம்பு கொடுத்தாள். ஒரு வாய் குடித்தவர், மரியாதைக்காக அதை விழுங்கிவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "சொந்த ஊற்று, தீர்வை இல்லை" என்று எழுதிக்கொண்டு போனார். அந்தப் பிர்க்காவில் வரி இல்லையென்று தலையில் கைவைத்து உட்கார்ந்த ஒரே ஆள் சின்னுசாமிதான்.

பாப்பாயி கிணற்றோரக் கல்லுக்குப் பின்னாலிருந்த குடத்தைக் கண்டுபிடித்தாள். விளிம்பில் மீன் செதில். அடியில் கொஞ்சம் தண்ணீர்.

"இது எங்க மொண்டதுங்க?"

"வாய்க்கால்ல."

"நம்ம காட்டுக்குன்னுதான கொண்டாந்தீங்க?"

சின்னுசாமி தரையைப் பார்த்தார். "ஆமா."

அவள் குடத்தைத் தூக்கி மூன்று மிடறு குடித்தாள்.

"கவுச்சி அடிக்குது" என்றாள். பிறகு மேற்கே திரும்பி நின்று, மிச்சத்தையும் குடித்தாள்.