திரும்பி வர இரண்டு டிக்கெட்

1

இந்தக் கதையை நான் யோசித்து எழுதவில்லை; வரிசையில் நின்று பொறுக்கினேன். போன மாதம் மலைமேல் செம்மேட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சிட்டா நகல் எடுக்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் இருந்த ஒருவர் டெல்லி விமானத்துக்கு விலை கேட்டார், எழுந்து வெளியே போனார், திரும்பி வந்தார், மறுபடியும் விலை கேட்டார். அரை மணி நேரத்தில் மூன்று தடவை. சர்வர் படுத்துவிட்டதால் எனக்கும் வேறு வேலை இல்லை.

அவர் கேட்டது போவதற்கு ஒரு டிக்கெட், திரும்பி வர இரண்டு டிக்கெட். அந்தக் கணக்குதான் என்னைப் பிடித்துக்கொண்டது. போகிறவர் ஒருவர், வருகிறவர் இருவர் என்றால், அங்கே யாரோ ஒருவர் இருக்கிறார். அவர் வருவாரா என்பது டிக்கெட் வாங்குகிறவருக்கே தெரியவில்லை. தெரிந்திருந்தால் மூன்று தடவை எழுந்து போயிருக்கமாட்டார்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவர் பெயர்கூடத் தெரியாது. மீதி எல்லாம் என் கைச்சரக்கு. அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் மிளகு வாங்கி விற்கும் மண்டியில் வளர்ந்தவன் நான். கலப்படம் செய்தால் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும் என்பது எங்கள் கடை நாணயம். (எல்லா நாளும் கடைப்பிடித்தோம் என்று சொல்லமாட்டேன்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"எழுபதாவது வளைவில் பஸ் திரும்பியபோது மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து—"

வரட்டும், போகட்டும். இதைச் சுற்றுலாத் துறைக்குக் கொடுத்துவிடலாம். இரண்டாவது தொடக்கம்:

"மனிதன் பறக்க ஆசைப்பட்டதற்குக் காரணம்—"

எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. மூன்றாவதுதான் கொஞ்சம் எடை நின்றது: இமானுவேல் சதீஷ்குமாரிடம் விலை கேட்டான்.

இமானுவேலுக்கு முப்பத்தெட்டு வயது. சேலத்துப் பாத்திரக்கடைக்காரர் மகன். மலைமேல் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். அவன் மனைவி பிரிசில்லா நர்ஸ். மூன்று வருடமாக டெல்லியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. பண்டிகைக்குப் பண்டிகை போனில் நலம் விசாரித்துக்கொள்வார்கள். இப்போது பத்து நாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறான். 'வாரேன்' என்று அவளுக்குச் செய்தி அனுப்பியாயிற்று. 'சரி' என்று பதில் வந்தது. திரும்பும்போது அவளையும் கூட்டிக்கொண்டு வரப்போகிறான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

சதீஷ்குமார்தான் அந்த சென்டரின் முதலாளி, வேலையாள், காவலாள் எல்லாம்.

"ரெண்டு வகை இருக்குதுங்க சார். ஒண்ணு சாப்பாடில்லாத ஃப்ளைட். காலை மடக்கி உக்காரோணும். பன்னு வேணும்னாலும் காசு. வேண்டாம்னு கேன்சல் பண்ணினா துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போக வேண்டியதுதான், பைசா வராது. இன்னொண்ணு சாப்பாட்டு ஃப்ளைட். சோறு போடுவான், போர்வை குடுப்பான், பேரைச் சொல்லிக் கும்புடுவான். கேன்சல் பண்ணினா முழுக்காசும் திரும்பி வர்ற மாதிரி வாங்கிக்கலாம்."

"எவ்வளவு கூட?"

"மூணு டிக்கெட்டுக்கும் சேத்து ஏழாயிரத்துச் சில்லறைங்க."

இமானுவேல் உதட்டைப் பிதுக்கினான். "சரி, அப்புறம் பாக்கலாம்" என்று எழுந்து வெளியே நடந்தான்.

(இந்த நடையைப் பற்றி ஒரு வார்த்தை. கடைவீதியில் வளர்ந்தவனுக்கு இது வெறும் நடை இல்லை. விலை கேட்டு, முகம் சுளித்து, நாலடி நடக்க வேண்டும். நாலாவது அடியில் 'ஏனுங்க, வாங்க, ஒரு விலை சொல்லிட்டுப் போங்க' என்று கடைக்காரர் கூப்பிடுவார். ஏழடி போயும் கூப்பிடாவிட்டால் நீங்கள் தோற்றுவிட்டீர்கள். செருப்பைத் தேடுவதுபோல ஏதாவது செய்துகொண்டு திரும்ப வேண்டியதுதான்.)

இமானுவேல் பத்தடி போய்ச் செருப்பைத் தேடினான். உள்ளே வந்தபோது விலை அறுநூறு ஏறியிருந்தது.

"ஏம்ப்பா, இப்பத்தானே வேற சொன்னே?"

"நானாங்க சொன்னேன்? அவன் சொன்னான்." சதீஷ்குமார் திரையைக் காட்டினான்.

"எந்திரிச்சுப் போனவனைக் கூப்பிடாம விலையை ஏத்தறானா? இது என்ன ஏவாரம்?"

"நீங்க எந்திரிச்சுப் போனது அவனுக்குத் தெரியாதுங்க சார்."

2 (மறுபடியும்)

இங்கே எனக்கே சந்தேகம் வந்தது. படித்தவன், அரசு வேலையில் இருப்பவன், கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் இப்படி நடப்பானா? பாத்திரத்தை மாற்றிவிடலாமா என்று பார்த்தேன். மலைக்காரர் ஒருவரைப் போட்டால் வாசகர் உடனே நம்பிவிடுவார். அதனாலேயே போடவில்லை. மலைக்காரர்கள் என் அப்பாவிடம் மிளகு விற்றவர்கள். அவர்களை ஏமாளி என்று எழுத வேண்டுமானால் எங்கள் மண்டிக் கணக்கை முதலில் எரிக்க வேண்டும்.

தவிர, இமானுவேலின் கால் முன்பே ஒரு தடவை இப்படி நடந்திருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன், சேலம் ரயில் நிலையத்தில். டெல்லி வேலைக்கு ஆர்டர் வந்து, வீட்டில் பத்து நாள் பேச்சு நடந்து, ஒன்றும் படியாமல், பிரிசில்லா இரண்டு பெட்டியோடு பிளாட்பாரத்தில் நின்றாள்.

"போறதுன்னா போ" என்று சொல்லிவிட்டு இமானுவேல் திரும்பி நடந்தான்.

ஓரடி. ஈரடி. மூன்று. நாலு. 'ஏங்க' என்ற சத்தத்துக்காக அவன் முதுகு முழுக்கக் காதாக இருந்தது. கூப்பிடவில்லை. ஏழாவது அடியில் திரும்பியிருக்கலாம். டீக்கடையும் தூணும் நடுவில் வந்துவிட்டன, திரும்பவில்லை.

பிரிசில்லா அவனை விலை பேசிக்கொண்டிருக்கவில்லை. அவள் வீட்டார் ஆசிரியர்கள். நாலடிக் கணக்கு அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருவன் திரும்பி நடந்தால் போகிறான் என்றுதான் அவளுக்கு அர்த்தம்.

4

மூன்றாம் பகுதி எங்கே என்று கேட்காதீர்கள். டெல்லியில் பிரிசில்லாவின் அறை, குளிர், ஜன்னல், கண்ணீர் என்று இரண்டு பக்கம் எழுதினேன். எனக்கு டெல்லி தெரியாது. அவள் அழுதாளா என்பதும் தெரியாது. கிழித்துவிட்டேன்.

இமானுவேல் மதியம் சாப்பிடுவது சாமியாத்தாளின் மெஸ்ஸில். சாமியாத்தாளுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. மலையிலேயே ஆலத்தூர் நாட்டில் இரண்டு ஏக்கர் காப்பியும் மிளகும் உண்டு. தட்டு வைக்கிற வேகத்திலேயே வாயும் நடக்கும்.

"என்னங்க சார், சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருக்கறீங்க? ஊட்டுக்காரம்மாவுக்கு டிக்கெட் போட்டாச்சா?"

"உனக்கு யாரு சொன்னா?"

"சதீசு சொன்னான். அவன் சென்டர்ல எதாச்சும் ரகசியம் நின்னிருக்குதா?"

இமானுவேல் வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னான். ஒன்று மலிவு, காசு திரும்ப வராது. இன்னொன்று விலை கூட, ஆனால் அவள் வரவில்லை என்றால் காசு வந்துவிடும். சொல்லும்போதே 'வரவில்லை என்றால்' என்ற இடத்தில் குரல் இறங்கியது.

சாமியாத்தாள் ரசத்தை ஊற்றிவிட்டு நின்றாள்.

"கொடியில மொளகு நிக்கறப்பவே ஏவாரிங்க பேசி அச்சாரம் குடுப்பாங்கல்லீங்க, உங்களுக்குத் தெரியுமே. பறிக்க வராட்டி அச்சாரம் போச்சு. திரும்பக் குடுப்போம்னு சொல்லிப் பாருங்க, பறிக்கற நாள்ல ஒருத்தன் ஏணி எடுத்துக்கிட்டு வரமாட்டான்."

"பிரிசில்லா என்ன மொளகுக் கொடியா?"

"அவங்க கொடியில்லீங்க. நீங்கதான் ஏணியில்லாம நிக்கறீங்க. மோர் வேணுமா?"

[இங்கே சாமியாத்தாள் இன்னும் நாலு வரி பேசியிருந்தாள். மண்ணும் மழையும் மனித மனமும் எல்லாம் வந்தது. மெஸ் நடத்துகிறவள் வாயில் தத்துவத்தைத் திணித்து விற்பது எழுத்துக்காரர்களின் பழைய வியாபாரம். அடித்துவிட்டேன். மோரோடு நிற்கட்டும்.]

ஆனால் அவள் சொன்னதில் ஒரு முள் இருந்தது. இமானுவேல் அலுவலகத்துக்குப் போகும் வழி முழுக்க அது குத்திக்கொண்டே வந்தது. காசு திரும்பி வரும் டிக்கெட்டை வாங்கினால், அவள் வரமாட்டாள் என்று தானே ஒப்புக்கொண்டு அதற்கு ஏழாயிரம் கூடுதலாகக் கொடுத்ததுபோல ஆகாதா? காசு திரும்பி வராத டிக்கெட்டை வாங்கினால், 'காசு போய்விடும், வா' என்று அவள் கையைப் பிடித்து இழுப்பதுபோல ஆகாதா? மேசையில் இருந்த கோப்பைத் திறந்தான், மூடினான். யாரோ கையெழுத்து கேட்டார்கள். தேதி போடும் இடத்தில் போட்டான்.

5

நானாக இருந்தால் எதை வாங்குவேன்? கேட்டுவிட்டீர்கள், சொல்லிவிடுகிறேன். மலிவானதை வாங்கிவிட்டு, அவளிடம் விலை கூடியதை வாங்கினேன் என்று சொல்வேன். இதனால்தான் இந்தக் கதை என்னைப் பற்றியது இல்லை.

இரண்டு முடிவு எழுதி வைத்திருக்கிறேன்.

அ. மலிவு விமானம். பிரிசில்லா வருகிறாள். நடு இருக்கையில் அமர்கிறாள். காசு கொடுத்து வாங்கிய ஒரு பன்னை இருவரும் பிய்த்துத் தின்கிறார்கள். கீழே மேகம். (இதற்குக் காலண்டர் அச்சடிப்பவர்கள் நல்ல விலை தருவார்கள்.)

ஆ. சாப்பாட்டு விமானம். பிரிசில்லா வரவில்லை. காசு ஏழு வேலைநாளில் கணக்குக்கு வருகிறது. போனில் வந்த வங்கிக் குறுஞ்செய்தியை இமானுவேல் வெகுநேரம் பார்த்துக்கொண்டு— (நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள். வெகுநேரம் பார்க்கிறவர்கள் எல்லாக் கதையிலும் ஒரே மாதிரிதான் பார்க்கிறார்கள்.)

இரண்டிலும் ஒரு குறை. இரண்டையும் பிரிசில்லாவைக் கேட்காமலே எழுதிவிட்டேன். இமானுவேலும் அதைத்தான் செய்துகொண்டிருந்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

6

மறுநாள் காலை சென்டர் திறந்ததும் இமானுவேல் வந்துவிட்டான். இந்தத் தடவை எழுந்து போகும் எண்ணம் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தான். சதீஷ்குமார் இரண்டு விமானங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தான். மலிவு விமானம் பெயரையும் போன் நம்பரையும் கேட்டுவிட்டுக் காசுக்குக் கை நீட்டியது. சாப்பாட்டு விமானம் இன்னொன்றும் கேட்டது.

"சார், சைவமா அசைவமான்னு கேக்கறான். உங்களுக்கு அசைவமுங்க. அம்மாவுக்கு?"

"அசைவம் போ—"

நிறுத்தினான். மூன்று வருடத்துக்கு முன் கருவாட்டுக் குழம்பு இல்லாத சனிக்கிழமை அவளுக்குக் கிடையாது. ஆனால் போன கிறிஸ்துமஸுக்குப் பேசும்போது, விடுதியில் கறி சமைப்பதில்லை, பழகிவிட்டது என்று ஏதோ சொன்னாள். கறி கிடைக்காதது பழகிவிட்டதா, கறியே வேண்டாம் என்று பழகிவிட்டதா? அப்போது கேட்கவில்லை. டி.வி. ஓடிக்கொண்டிருந்தது.

"தெரியாதுன்னு போட இடமிருக்குதா?"

"இல்லீங்க. ரெண்டுல ஒண்ணுதான்." சதீஷ்குமார் திரையின் மூலையைக் காட்டினான். "ஒம்பது நிமிசந்தான் இந்த விலை நிக்கும். சும்மா எதாச்சும் போட்டுடட்டுங்களா?"

சும்மா ஏதாவது போட்டால், தட்டு வந்து அவள் முன்னால் மூடி திறக்கும்போது தெரிந்துவிடும். வானத்தில் வைத்து, இறங்கி நடக்கவும் வழியில்லாத இடத்தில் தெரியும். இமானுவேல் போனை எடுத்தான். மூன்று தடவை மணி அடித்தது.

"சொல்லுங்க" என்றாள் பிரிசில்லா. பின்னால் யாரோ இந்தியில் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"டூட்டியா?"

"அஞ்சு நிமிஷம் இருக்கு. என்ன, லீவ் கெடைக்கலையா?"

"கெடைச்சுது. அது வந்து... நீ இப்பெல்லாம் கறி சாப்பிடறயா?"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. கேலியா, வேறா என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

"மூணு வருஷத்துல என்னைப் பத்தி நீங்க கேட்ட மொதக் கேள்வி இது, தெரியுமா? சாப்பிட்டயான்னு கேட்டிருக்கீங்க. என்ன சாப்பிடறேன்னு கேட்டதில்ல."

"ஃப்ளைட்டுல கேக்கறான்."

"உங்க சாப்பாட்டத்தானே கேப்பான்?"

"வரும்போது... உனக்கும் சேத்துப் போடறேன்."

இந்திச் சத்தம் அடங்கியது. அவள் எங்கோ கதவைச் சாத்திவிட்டு நின்றிருக்க வேண்டும்.

"எனக்குத் திரும்பி வர்றதுக்கு டிக்கெட்டா? என்னைக் கேக்காமயே?"

"இன்னும் போடலை. இப்பத்தான்... பிரிசி, நீ வரலைன்னா—"

"வரலைன்னா?" என்று கேட்டாள். அவன் திரையைப் பார்த்தான். அவளே கேட்டாள்: "வரலைன்னா அந்தக் காசு உங்களுக்குத் திரும்பக் கெடைக்குமா, கெடைக்காதா?"

7

இங்கே நான் பேனாவை வைக்கிறேன்.

'கெடைக்கும்' என்று சொன்னால், 'நான் வரமாட்டேன்னு நெனச்சுத்தானே வாங்குறீங்க' என்று அவள் எடுத்துக்கொள்ளலாம். 'உன் இஷ்டம்' என்று அவன் விட்டதாகவும் எடுத்துக்கொள்ளலாம். 'கெடைக்காது' என்று சொன்னால் அது கயிறாகவும் கேட்கும், நம்பிக்கையாகவும் கேட்கும். எந்தக் காதில் எது விழும் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் எந்தப் பதிலை விரும்பி அதைக் கேட்டாள் என்பதும் தெரியவில்லை.

பொய் சொல்லவும் அவசியமில்லை. திரையில் இரண்டு விமானங்களும் திறந்தே இருக்கின்றன. சதீஷ்குமார் மவுஸைப் பிடித்துக்கொண்டு இமானுவேலின் வாயையே பார்க்கிறான். எந்தப் பதில் வந்தாலும் ஒரு சொடுக்கில் அதை உண்மையாக்கிவிடுவான்.

வாங்கும் விலை, விற்கும் விலை எல்லாம் கேட்டு வளர்ந்தவன் நான். இவள் கேட்டது இரண்டிலும் சேரவில்லை. என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் யோசித்துக்கொண்டிருக்காதீர்கள், இமானுவேலின் காதில் போடுங்கள். கறி விஷயத்தை அவள் இன்னும் சொல்லவில்லை. அவளுக்கு இன்னும் இரண்டு நிமிஷம் இருக்கிறது. அப்புறம் வார்டுக்குப் போய்விடுவாள்.