வலது மூக்கு

காலை எட்டே முக்காலுக்கு பஸ்லினா மிஸ் தன் கதிரையில் உட்காருவார். எட்டு ஐம்பதுக்கு முதல் தும்மல். ஒன்பது மணிக்குள் அது பதினொன்று ஆகிவிடும். அதற்குப் பிறகு மூக்கு இரண்டும் சீமெந்து பூசியது போல் அடைத்துக்கொள்ள, அந்தத் தெல்தெனிய அரசாங்கக் கந்தோரின் தலைவி அன்று முழுக்க வாயைத் திறந்தபடி மூச்சுவிட்டு, வாயைத் திறந்தபடி பைல் பார்த்து, 'மழை' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'பழை' என்று சொல்லி நிர்வாகம் நடத்துவார். ஆறு வருடப் பீனிசம். கண்டியில் அவர் பார்க்காத டொக்டர் இல்லை, ஊற்றாத சொட்டு மருந்து இல்லை.

அதே கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தாள் பாலாம்பிகை. வீடு கெலிஓயாவில். விடிய ஐந்தரைக்குக் கிளம்பி, கண்டியில் பஸ் மாறி, தெல்தெனியவில் இறங்கும்போது இடுப்பு தனியாக இறங்கும். நான்கு வருடமாக அவள் தன் வீட்டு முற்றத்தை வெளிச்சத்தில் பார்த்தது சனி ஞாயிறில் மட்டும்தான்.

கெலிஓயாக் கிளையில் ஓர் இடம் காலியாகக் கிடந்தது. மூன்று முறை இடமாற்றம் கேட்டு எழுதினாள். மூன்று முறையும் மிஸ், "பதிலாள் கிடைத்ததும் விடுவிக்கலாம்" என்று முத்து முத்தாகச் சிபாரிசு எழுதினார். அந்த வசனத்துக்கு 'விடமாட்டேன்' என்று பொருள். கெலிஓயாப் பக்கமிருந்து தெல்தெனியவுக்கு வர எந்தப் புத்தி கெட்டவன் கை தூக்குவான்?

நான்காவது விண்ணப்பத்தைத் தபாலில் சேர்க்க வெள்ளிக்கிழமை கடைசித் திகதி. திங்கட்கிழமை அதைக் கொண்டுபோய் மேசையில் வைத்தாள். மிஸ் அதன் மேலேயே தும்மினார்.

"ஸொரி புள்ள. வேற ஒண்டு அடிச்சிட்டு வாங்க."

"அடிக்கலாங்க மிஸ். அதுக்கு முன்னால ஒங்க மூக்கக் கொஞ்சம் குடுங்களேன்."

"என்னது?"

"எங்க வீட்டுக்காரருக்கும் இந்தக் கொடுமதான். கண்டியில ரெண்டு நாள் கிளாஸ் போயி அக்குபிரஷர் படிச்சேன். மருந்து இல்ல, ஊசி இல்ல. வெரல் மட்டும்தான்."

மூக்கு விஷயத்தில் மிஸ் மானம் பார்க்கிற கட்டத்தைத் தாண்டியிருந்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

பாலாம்பிகை கையைக் கழுவிக்கொண்டு கதிரைக்குப் பின்னால் நின்றாள். முதலில் புருவம் இரண்டும் சந்திக்கிற இடம். பிறகு பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலுள்ள சதை. கடைசியாக மூக்குத் துவாரத்தின் ஓரத்துப் பள்ளம். அங்கே நகம் படாமல் எலும்பைத் தேடிப் போவது போல அழுத்தி, வட்டமாக உருட்ட வேண்டும்.

"ஆ! அல்லாஹ்வே! மூக்கக் கழட்டாதீங்க!"

கந்தோர் உதவியாளர் கறுப்பையா கதவைத் திறந்து தலையை நீட்டினார். "மிஸ், பொலிசுக்குப் போன் போடவா?"

"போய் டீ ஊத்துங்கண்ணே," என்றாள் பாலாம்பிகை.

நாலாவது நிமிடம் 'சர்ர்' என்றொரு சத்தம். பஸ்லினா மிஸ் வாயை மூடினார். அவருடைய வாய் மூடியிருந்தால் எப்படி இருக்கும் என்பதைப் பாலாம்பிகை அன்றைக்குத்தான் பார்த்தாள். மிஸ் மெதுவாக மூச்சை இழுத்தார். முகம் சுருங்கியது.

"இந்த ரூம்ல என்னமோ செத்துக் கெடக்கு."

"பழைய பைலுங்க மிஸ். நாங்க நாலு வருஷமா மோந்துக்கிட்டுத்தானே இருக்கோம்."

மத்தியானம் மறுபடி அடைத்துக்கொண்டது. "ஒரு தரத்தோட சரியாகாதுங்க மிஸ். சில வாரம் தெனமும் அமுத்தணும்," என்று பாலாம்பிகை விளக்கம் சொன்னாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அவளுக்குப் புதன்கிழமைதான் உறைத்தது.

அன்று அழுத்தி முடிந்து, மூக்கு திறந்த உற்சாகத்தில், புதிதாக அடித்துக் கொடுத்த விண்ணப்பத்தில் மிஸ் எழுதிக்கொண்டிருந்தார். பாலாம்பிகை எட்டிப் பார்த்தாள். "இவரது சேவை இக்கந்தோருக்கு இன்றியமையாதது. பதிலாள் கிடைத்ததும்…"

"மிஸ்!"

"என்னத்துக்குக் கத்துறீங்க? நல்லமாத்தானே எழுதீக்கி. ஒங்கள உட்டா என்ட மூக்குக்கு யாரு?"

கையொப்பத்தை நாளைக்கு வைக்கலாம் என்று தாளைத் தட்டில் போட்டுவிட்டு மிஸ் வீட்டுக்குப் போனார்.

கண்டி வரை பஸ்ஸில் நின்றுகொண்டே பாலாம்பிகை யோசித்தாள். இன்றியமையாத சேவையாம். சரி, இன்றி இருந்து பார்க்கட்டும்.

வியாழக்கிழமை இடது பக்கத்தை வழக்கத்தைவிட ஒரு நிமிடம் கூடவே அழுத்தினாள். இடது மூக்கு சுரங்கப்பாதை மாதிரித் திறந்தது; இந்தத் தடவை அது சுலபத்தில் அடைக்காது. உடனே கையைத் துடைத்துக்கொண்டு விலகிவிட்டாள்.

"மத்தப் பக்கம்?"

"வலது நாளைக்கிங்க மிஸ்."

"என்ன வெளயாட்டா? ஒரு பக்கம் காத்து பறக்குது, மத்தப் பக்கம் செவரு மாதிரி ஈக்கி. தல ஒரு பக்கமாச் சரியுது புள்ள!"

"கையெழுத்தும் நாளைக்கின்னுதானேங்க மிஸ் சொன்னீங்க."

பகல் முழுக்க மிஸ் போனில் வீடியோ பார்த்துத் தானே அழுத்திப் பார்த்தார். இடம் தப்பி, கன்னத்தில் கட்டெறும்பு கடித்தது போலச் சிவந்ததுதான் மிச்சம்.

"அந்தம்மாவ ஒத்த மூக்கோட அலைய விட்டுட்டியே தாயி," என்றார் கறுப்பையா. "பாவம் சும்மா விடாது."

"நாலு வருஷம் என்னைய ரெண்டு பஸ்ஸோட அலைய விட்டாங்களே, அந்தப் பாவம் எங்கண்ணே போச்சு?"

வெள்ளி காலை வந்ததும் வராததுமாக மிஸ் அவளைக் கூப்பிட்டார்.

"இதுக்குப் பேரு லஞ்சம். வெளங்குதா ஒங்களுக்கு?"

"லஞ்சம்னா குடுக்கிறதுங்க மிஸ். நான் ஒன்னும் குடுக்காமத்தானே இருக்கேன்."

மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்தது. அதுவும் இடது பக்கத்தால் மட்டும்தான் வந்தது. தட்டிலிருந்த தாளை இழுத்துப் பேனையைத் திறந்தார். பாலாம்பிகை கதிரைக்குப் பின்னால் போய், வலது மூக்கோரத்தில் விரலை வைத்தாள். வைத்தாளே தவிர அழுத்தவில்லை.

"அமுத்துங்களேன்."

"அந்தப் 'பதிலாள்' கண்ணக் குத்துதுங்க மிஸ்."

"அது சும்மா ஒரு பேச்சுக்கு எழுதுறது…"

பாலாம்பிகை ஒரே அழுத்தாக அழுத்தினாள்.

"ஆ! வெட்டுறன், வெட்டுறன்!"

குறுக்கே கோடு விழுந்தது. பாலாம்பிகை விரலை எடுக்கவில்லை. "வெட்டின எடத்துல சுருக்கொப்பம் வைங்க மிஸ். இல்லாட்டி தலைமையகத்துல திருப்பி அனுப்பிருவாங்க." சுருக்கொப்பம் விழுந்தது. "கையெழுத்து. திகதி." அவையும் விழுந்தன. முத்திரையை எடுத்து வரச் சொல்வதற்குள் கறுப்பையா அதோடு வாசலில் நின்றார்.

பிறகு அவள் ஒழுங்காக இரண்டு நிமிடம் உருட்டினாள். வலது பக்கமும் திறந்தது. மிஸ் கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கொண்டிருக்க, அவருடைய விரலையே பிடித்து மூக்கோரத்தில் பதித்தாள்.

"இங்கதாங்க மிஸ். அமுத்தினா உள்ளுக்குள்ள வலிக்கும், அதுதான் எடம். காலையில எந்திரிச்சதும் நீங்களே செஞ்சுக்கலாம்."

பஸ்லினா மிஸ் கண்ணைத் திறந்தார். "என்ட கையால செய்ய ஏலுமா இத?"

"நல்லா முடியுங்க மிஸ்."

"அப்ப திங்கக்கெழமையே சொன்னா என்ன?"

"நீங்க கேக்கலீங்களே," என்று சொல்லிக்கொண்டே பாலாம்பிகை விண்ணப்பத்தை உறைக்குள் போட்டு ஒட்டினாள்.

கந்தோர்த் தபாலை அவள் நம்பவில்லை. தேநீர் இடைவேளையில் தானே தபாற்கந்தோருக்கு நடந்து, பதிவுத் தபாலில் சேர்த்தாள். அங்கிருந்த தபால்காரர் முத்திரை குத்தித் துண்டைக் கிழித்துத் தரும்வரை கவுண்டர்க் கண்ணாடியை விட்டு அசையவில்லை. இனித் தலைமையகத்தில் இடமாற்றப் பைலைப் பார்க்கிறவர் யாராம், அவருக்கு மூக்கடைப்பு ஏதும் உண்டா என்று விசாரிக்க வேண்டும்.